அகப்பை கைமாறும் வகுப்பறைகள்

லண்டன், பெர்லின், நியூயார்க், மெல்போர்ன் முதலிய நகரங்களில் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு புதுவகைச் சமையல் வகுப்பு வேரூன்றியிருக்கிறது. இவ்வகுப்புகளில் அடுப்பின் முன் நின்று கற்பிப்பவர், போரினாலோ அடக்குமுறையினாலோ வறுமையினாலோ தம் நாட்டை விட்டு வந்தவராகவும், வந்த நாட்டின் மொழியைப் பெரும்பாலும் இன்னும் தயங்கித் தயங்கியே பேசுபவராகவும் இருக்கிறார். வெங்காயத்தை நறுக்கியபடி அவர் சொல்வதைக் கவனிப்பவர்கள் அந்நகரத்திலேயே வேலை பார்த்துக் குடும்பம் நடத்தி வருகிற சாதாரண மக்கள். இரண்டு மணி நேரம்போல் சமையல் நடந்த பிறகு, சமைத்தவர்கள் அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறார்கள். அரிசியையும் கத்தரிக்காயையும் இறைச்சியையும் அடுக்கி வேகவைத்துப் பாத்திரத்தோடு தலைகீழாகக் கவிழ்த்துப் பரிமாறும் மக்லூபாவைச் சிரியாவிலிருந்தோ பாலஸ்தீனத்திலிருந்தோ வந்தவர் கற்பிப்பார். உருளைக்கிழங்கு மசியலை உள்ளே பரப்பி மடித்துச் சுடும் மெல்லிய ரொட்டியான போலானியை ஆப்கானியப் பெண் ஒருவர் கற்பிப்பார்.

பிற நாட்டு உணவுகளைக் கற்பிக்கும் வகுப்பு என்பது புதிய செய்தியன்று. பணம் படைத்தோர் இத்தாலியச் சமையலும் பிரெஞ்சுச் சமையலும் கற்றுக்கொள்வது நெடுங்காலமாக நடந்து வருவதே. இங்குப் பேசப்படும் வகுப்புகள் யாரையும் விலக்காத வகுப்புகள் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. யாரையும் விலக்காமை என்பது வாசற்கதவை எல்லோருக்கும் திறந்து வைப்பது என்றே பொதுவாகப் பொருள்கொள்ளப்படுகிறது. வாசலில் யார் நுழைகிறார் என்பதைக் காட்டிலும் உள்ளே அகப்பையைப் பிடித்திருப்பவர் யார் என்பதே இவ்வகுப்புகளின் தன்மையைத் தீர்மானிக்கிறது; ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே வகை வகுப்பு நேர்மாறான திசையில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் பெருமை எளிதில் விளங்கும்.

பழைய வகுப்பறை

1884இல் கிழக்கு லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் டாயின்பீ ஹால் என்ற இல்லம் நிறுவப்பட்டது. படித்த இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே குடியேறி, அக்கம்பக்கத்தாரோடு பழகி, அங்கிருந்தபடியே கல்வியும் பிற உதவிகளும் வழங்க வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கப்பட்ட இவ்வகை இல்லங்களைக் குடியமர்வுப் பணி இல்லங்கள் எனலாம். டாயின்பீ ஹாலை நேரில் கண்டு திரும்பிய ஜேன் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, தம் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் இணைந்து 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். இத்தாலி, போலந்து, ரஷ்யா, கிரேக்கம் எனப் பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. குழந்தைகள் காப்பகம், மாலைநேரக் கல்வி, நூலகம் ஆகியவற்றோடு சமையல் வகுப்புகளும் அங்கு நடந்தன.

அக்காலச் சீர்திருத்தவாதிகள் நல்லெண்ணம் மிக்கவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வந்தேறிய மக்கள் சமைக்கத் தெரியாதவர்கள், அவர்களுடைய மசாலாவும் ஊறுகாயும் செரிமானத்தைக் கெடுப்பவை, பலவற்றைக் கலந்து ஒரே பாத்திரத்தில் வேகவைப்பது சத்துக்குறைவானது என்ற கருத்துகளை அவர்களில் பலர் அறிவியல் என்றே நம்பினார்கள். வேதியியலாளரான எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் 1890இல் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கிச்சன் என்ற பொதுச் சமையற்கூடத்தைத் தொடங்கி, அளந்து கணக்கிட்ட சத்துணவைக் குறைந்த விலைக்கு விற்றார். யாருக்காக அது தொடங்கப்பட்டதோ அந்த ஏழைக் குடியேறிகள் அதை நாடி வரவில்லை. அதே முறையைப் பின்பற்றிய ஹல் ஹவுஸ் சமையற்கூடத்துக்கும் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தாரின் பலதரப்பட்ட நாட்டுப் பழக்கங்களையும் தலைமுறைகளாக வந்த நாவின் சுவையையும் தாம் கணக்கில் கொள்ளத் தவறியதை, 1910இல் வெளியான தம் நினைவுநூலில் ஜேன் ஆடம்ஸ் மறைக்காமல் எழுதினார்.

மில்வாக்கி நகரில் நடந்தது இதனினும் சற்று வேறுபட்டது. ஜெர்மானிய யூத மரபில் வந்த லிஸி பிளாக் காண்டர் என்பவர், அங்கிருந்த குடியமர்வுப் பணி இல்லத்தில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களின் சிறுமியருக்கு அமெரிக்க வாழ்க்கை முறையையும் சமையலையும் கற்பித்து வந்தார். கரும்பலகையில் எழுதியதை மாணவியர் பார்த்தெழுதுவதிலேயே நேரம் கழிந்ததால், செய்முறைகளை அச்சிட்டுத் தர 18 டாலர் கேட்டபோது நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. விளம்பரங்களைத் திரட்டி 1901இல் அவர் வெளியிட்ட செட்டில்மென்ட் குக் புக் பின்னர் பல பதிப்புகள் கண்டு இலட்சக்கணக்கில் விற்று, அந்த இல்லத்தின் பணிகளுக்கே பொருள் ஈட்டித் தந்தது. அமெரிக்க முறையைக் கற்பிக்கப் பிறந்த அந்நூலில் ஜெர்மானிய, யூத, கிழக்கு ஐரோப்பியப் பண்டங்களும் இடம்பெற்றன என்பது கருதத்தக்கது. ஒருவழிப் பாதையாகத் திட்டமிட்ட வகுப்புக்குள் மாணவியரின் வீட்டுச் சமையல் சத்தமின்றி நுழைந்துவிட்டது.

எனினும் அகப்பை கைமாறுவதன் உண்மையான பொருளை அக்காலத்திலேயே காட்டிய நிகழ்ச்சி ஹல் ஹவுஸில் நடந்தது. அது சமையலைப் பற்றியதன்று, நூல் நூற்பதைப் பற்றியது. 1900இல் அங்கு உழைப்பு அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து வந்த முதிய பெண்கள் தம் ஊர் முறையில் நூல் நூற்பதையும் நெய்வதையும் பார்வையாளர் முன் செய்துகாட்டினார்கள். ஆடம்ஸ் குறிப்பிடும் ஏஞ்சலினா என்ற இத்தாலியச் சிறுமி, வாரந்தோறும் தன் தாயுடன் அவ்வில்லத்துக்கு வருவாள். தாய் நூற்கப் போவாள், மகள் சமையல் வகுப்புக்குப் போவாள். தலையில் துணி கட்டி, முரட்டுச் செருப்பணிந்த நாட்டுப்புறப் பெண்ணின் மகளாகத் தன்னைச் சக மாணவியர் அறிந்துவிடக் கூடாது என்று, தாயை முன்வாசல் வழியே விட்டுத் தான் வேறு வாசல் வழியே நுழைவது அவள் வழக்கம். ஒருநாள் கல்வியியல் துறையிலிருந்து வந்த பார்வையாளர்கள் தன் தாயைச் சூழ்ந்து நின்று அவளுடைய கைத்திறனை வியப்பதைக் கண்ட அச்சிறுமி, தாயின் பழைய வாழ்வைப் பற்றிக் கேள்விகள் கேட்கத் தொடங்கினாள். சில வாரங்களில் இருவரும் ஒரே வாசல் வழியே வரலானார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு வகுப்பறைகள் இருந்தன என்பதும், அவற்றுள் ஒன்று தாயை நினைத்து வெட்கப்படக் கற்றுத்தந்தது, மற்றொன்று அந்த வெட்கத்தைப் போக்கியது என்பதும் இன்று சமூகச் சமையல் வகுப்பு நடத்துவோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

ஒரானியன்பிளாட்ஸ் முதல் டவர் ஹாம்லெட்ஸ் வரை

2012 அக்டோபரில், பவேரியாவின் வ்யூர்ஸ்பர்க் நகரிலிருந்து நடந்தே பெர்லின் வந்த புகலிடம் கோருவோர், தங்கள் உரிமைகளுக்காக ஒரானியன்பிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் கூடாரமிட்டுத் தங்கினார்கள். புகலிடம் கோருவோர் என்போர், தம் நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று கூறிப் பாதுகாப்பு வேண்டி விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள். அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின்னரே அவர்களுக்கு அகதித் தகுதி வழங்கப்படுகிறது. 2014 ஏப்ரல் வரை நீடித்த அந்த முகாமுக்கு 2013இல் பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழக மாணவர் சிலர் சென்று, அங்கிருந்தவர்களுடன் சேர்ந்து சமைக்கத் தொடங்கினர். அவ்வாறு திரட்டிய செய்முறைகள் நூலாயின. நூலைத் தொடர்ந்து, ஊபர் டென் டெல்லர்ராண்ட் என்ற அமைப்பு உருவாகி, ஷோனெபெர்க் பகுதியில் தனக்கென ஒரு சமையலறையை ஏற்படுத்திக்கொண்டு, அகதிகள் கற்பிக்கும் வகுப்புகளை நடத்தியது. பின்னர் பிற ஜெர்மன் நகரங்களுக்கும் பரவியது. 2015இல் சுமார் 8,90,000 பேர் புகலிடம் தேடி ஜெர்மனிக்குள் வந்தபோது, உதவ விரும்பியும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவித்த உள்ளூர் மக்கள் பலருக்கு இவ்வகைச் சமையலறைகள் நுழைவாயில் ஆயின. இக்கதையில் ஒரு கூறு தமிழ் வாசகரின் தனிக் கவனத்துக்குரியது: ஒரானியன்பிளாட்ஸில் இருந்தோர் பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் தாயும் தமக்கையும் பரிமாற உண்டு பழகி, நெடும்பயணத்திலும் முகாமிலும்தான் அடுப்பைத் தொட்டவர்கள் இவ்வகை முகாம்களில் குறைவல்லர். நினைவில் இருந்த சுவையை நோக்கித் தட்டுத்தடுமாறிச் சமைத்துக் கற்றவர்களின் செய்முறையும் வகுப்பில் கற்பிக்கத் தக்க அறிவாக மதிக்கப்பட்டது.

லண்டனில் மைக்ரேட்ஃபுல் என்ற அமைப்பு 2017இல் ஜெஸ் தாம்ப்சன் என்பவரால் தொடங்கப்பட்டது. டாயின்பீ ஹால் இன்றும் நிற்கும் டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரமே அதன் பிறப்பிடம். அங்கு ஒரு நேர வங்கியில் அவர் பணியாற்றினார்; ஒருவர் பிறருக்காக ஒரு மணி நேரம் உழைத்தால், அதே அளவு நேர உதவியை வேறொருவரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு நேர வங்கி என்று பெயர். ஆங்கிலம் கற்க வந்த குடியேறிய பெண்கள், தம் நாட்டில் பெற்ற பட்டங்கள் இங்கே செல்லாதவையாகவும் மொழி தடையாகவும் இருந்ததால் தகுந்த வேலையின்றித் தவித்தனர். பிறருக்கு எதைக் கற்பிக்க முடியும் என்று கேட்டபோது அவர்களில் பலர் சமையல் என்றார்கள். அந்த விடையிலிருந்து பிறந்த வகுப்புகள் நாளடைவில் பிற நகரங்களுக்கும் பரவின. மெல்போர்னில் 2015இல் தோன்றிய ஃப்ரீ டு ஃபீட் அமைப்பும் இதே வழியில் வளர்ந்ததே.

கற்பிக்க வருபவருக்கு இத்தகைய அமைப்புகள் அளிக்கும் பயிற்சி, உணவைப் பற்றியதாக இருப்பது குறைவு. ஒரு கூட்டத்தின் முன் நின்று பேசுவது, வேலைகளைப் பங்கிட்டுத் தருவது, அடுப்பில் ஒன்று வேகும்போது மேசையில் மற்றொன்றைத் தொடங்கிவைப்பது ஆகியவையே பயிற்சியின் பெரும்பகுதி. ஏவல் வினைகள் நிறைந்தது சமையலறை மொழி: நறுக்கு, கிளறு, மூடு, இறக்கு. செய்து காட்டியபடியே சொல்லத்தக்க இச்சொற்களைக் கொண்டு தொடங்குபவர், பேச வேண்டிய கட்டாயமும் பேசினால் கேட்கப்படும் என்ற உறுதியும் இருப்பதால் மொழியை விரைவில் வசப்படுத்துகிறார். மொழி வகுப்பில் பிழை திருத்தப்படுபவராக மட்டுமே இருந்தவருக்கு, தம் பிழைகளைப் பொருட்படுத்தாமல் தம் சொல்லுக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் கிடைப்பது சிறிய மாற்றமன்று.

நியூயார்க்கில் லிசா கிராஸ் 2014இல் தொடங்கிய லீக் ஆஃப் கிச்சன்ஸ் இன்னொரு படி முன்னே சென்றது. அங்கு வகுப்பு நடப்பது, கற்பிப்பவரின் சொந்த வீட்டுச் சமையலறையில். அவருக்கு ஊதியமும் உண்டு. கொரியத் தாய்க்கும் ஹங்கேரிய யூத மரபினரான தந்தைக்கும் பிறந்த கிராஸ், தம்முடன் வாழ்ந்த கொரியப் பாட்டியிடம் சமையல் கற்க விரும்பியபோதெல்லாம், படிப்புத்தான் முக்கியம் என்று பாட்டி அவரை அடுப்படியிலிருந்து அனுப்பிவிட்டார். பாட்டி இறந்த பின், நூல்களைப் பார்த்துச் சமைத்தவற்றில் அந்தச் சுவை வரவில்லை. பெண் குழந்தை படித்து முன்னேற வேண்டும் என்ற ஏக்கத்தில் அடுப்படிக் கதவைச் சாத்திய தாய்மாரும் பாட்டிமாரும் தமிழ்க் குடும்பங்களிலும் ஏராளம் என்பதால் இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. அவ்வமைப்பின் செய்முறைகள் 2024இல் நூலாக வெளிவந்தன. கைப்பிடியாலும் கண்பார்வையாலும் அளந்து சமைப்பவரின் ஒவ்வொரு அசைவையும் உடனிருந்து பார்த்து, அவர் அள்ளியதை எடை போட்டு எழுதியே இத்தகைய நூலை உருவாக்க முடியும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் நேரம், மாவு கையில் ஒட்டாமல் வரும் பதம் போன்றவை எடைக்குள் அடங்காமல் எஞ்சுகின்றன. வகுப்பு என்ற ஒன்று தேவைப்படுவதே அந்த எச்சத்தினால்தான்.

ஒரு மேசை, பல விலக்குகள்

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில், வேறுபட்ட குழுவினர் ஒருவரையொருவர் சந்திப்பதால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது என்றும், சம நிலை, பொதுவான குறிக்கோள், கூடி உழைத்தல், நிறுவனங்களின் ஆதரவு ஆகிய நான்கும் அமைந்தால் குறையக்கூடும் என்றும் வாதிட்டார். 2006இல் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, சந்திப்பு பொதுவாகவே வெறுப்பைக் குறைக்கிறது என்றும், இந்நான்கும் அமையும்போது அதன் பயன் மிகுகிறது என்றும் கண்டனர். கெய்ட்லின் வுல்லி, அயலெட் ஃபிஷ்பாக் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்து உண்டவர்கள் தனித்தனிக் கிண்ணங்களில் உண்டவர்களைவிடப் பேரம் பேசும்போது எளிதில் உடன்பாட்டுக்கு வந்ததைக் காட்டியது. உணவுத் திருவிழாவில் கடை கடையாகச் சுவைத்துவிட்டுப் போவதில் ஆல்போர்ட் சொன்ன நான்கில் ஒன்றுகூட முழுமையாக அமைவதில்லை. மக்லூபாவைக் கவிழ்க்கும் கணத்திலோ, அது சிதறாமல் நிற்க வேண்டும் என்ற குறிக்கோள் சுற்றி நிற்கும் அனைவருக்கும் பொதுவானது.

எரித்திரியா, எத்தியோப்பியா நாடுகளின் இஞ்சேரா, இவ்வகை வகுப்புக்காகவே பிறந்ததோ என்று எண்ணத் தோன்றும். டெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தின் மாவைக் கரைத்து, முந்தைய மாவிலிருந்து எடுத்துவைத்த புளித்த நீரைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகன்ற கல்லில் ஒரு பக்கம் மட்டும் சுடுகிறார்கள். மேற்பரப்பில் ஆப்பத்தைப் போலக் கண் கண்ணாகத் துளைகள் விழுகின்றன. புளிக்கும் காலம் வகுப்பின் நேரத்தைவிட நீண்டது என்பதால், ஆசிரியர் மாவை முன்கூட்டியே கொண்டுவர வேண்டியிருக்கிறது. அகன்ற தட்டில் இஞ்சேராவை விரித்து, அதன் மேல் பருப்புக் குழம்பையும் கீரையையும் வைத்து, சுற்றி அமர்ந்தவர்கள் அனைவரும் அதிலிருந்தே பிய்த்து உண்பது மரபு. ஒருவர் தம் கையால் சுருட்டி மற்றவர் வாயில் ஊட்டுவது குர்ஷா என்னும் அன்புச் செயல். அந்நாட்டு மரபுவழிக் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும் நீண்ட நோன்புக் காலங்களிலும் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குவதால், தாவர உணவு மட்டுமே கொண்ட முழு விருந்து ஒன்று அம்மரபுக்குள்ளேயே ஆயத்தமாக இருக்கிறது.

இந்த ஆயத்தம் நடைமுறையில் பெரிதும் உதவுகிறது. ஹலால் உண்போர், யூத உணவு விதிகளைக் கடைப்பிடிப்போர், மாட்டிறைச்சியையோ பன்றியிறைச்சியையோ தொடாதோர், மரக்கறி மட்டும் உண்போர் ஆகிய அனைவரும் ஒரே பாத்திரத்திலிருந்து உண்ண வேண்டுமானால், தாவர உணவே பெரும்பாலும் பொதுவான இடமாக அமைகிறது; கிழக்கு லண்டனில் 2012இல் தொடங்கிய மேட் இன் ஹாக்னி என்ற சமூகச் சமையற்பள்ளி தன் வகுப்புகளை முழுவதும் தாவர உணவாகவே அமைத்துக்கொண்டது. ஆயினும் இதையே எல்லா வகுப்புக்கும் விதியாக்குவது சரியாகாது. ஆட்டிறைச்சியின்றித் தம் ஊர்த் திருமண விருந்தைக் கற்பிக்க இயலாத ஆசிரியரிடம் அதை விலக்கச் சொன்னால், எல்லோரையும் சேர்க்கும் முயற்சி கற்பிப்பவரை வெளியே தள்ளியதாகிவிடும். எதைச் சமைக்கப்போகிறோம் என்பதை முன்னரே அறிவித்து, தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் வைத்து, தேர்வைப் பங்கேற்பவரிடம் விடுவது நல்ல வழி.

ஒவ்வாமை என்பது விருப்பத்தைச் சார்ந்ததன்று, உயிரைச் சார்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து பிரிட்டனிலும் தொடரும் விதிப்படி, பசையம் உள்ள தானியம், பால், முட்டை, மீன், நிலக்கடலை, பருப்புக் கொட்டைகள், எள், சோயா முதலிய 14 பொருள்கள் உணவில் இருந்தால் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். தாளிப்பின் முதற்பொருளான கடுகும் அப்பட்டியலில் உள்ளது. ஈழத் தமிழ்ப் பெண் ஒருவர் லண்டனில் பருப்புக் கறி கற்பிக்க வேண்டுமானால், வகுப்பைத் தொடங்கும் முன் கடுகைப் பற்றியே முதலில் பேச வேண்டும். சிரிய ஆசிரியர் எள் விழுதான தஹினியைப் பற்றிப் பேச வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை, பரந்த மனம் கொண்ட அமைப்புகள்கூடச் சாய்தளம் அமைத்ததோடு நின்றுவிடுகின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வாசலைத் தாண்டுவது போதாது. சமையல் மேடையின் உயரம் குறைந்து, அதன் கீழே முழங்கால் நுழையும் இடம் இருந்தால்தான் அவர் சமைப்பவர் ஆவார், இல்லையேல் வேடிக்கை பார்ப்பவராகவே இருப்பார். ஒரு கையை மட்டும் பயன்படுத்துவோருக்கு, காய்கறியை அசையாமல் பிடித்துக்கொள்ளும் முட்கள் பொருத்திய பலகை உண்டு. பார்வையற்றோருக்கு எடையைக் குரலில் சொல்லும் தராசும், கோப்பையின் விளிம்பில் மாட்டினால் நீர் நிறைந்ததும் ஒலி எழுப்பும் சிறு கருவியும் உண்டு. அவற்றைவிட முக்கியமாக, வழவழப்பான கண்ணாடிப் பரப்பில் தொடுபொறிகள் உள்ள நவீன அடுப்பைத் தவிர்த்துத் திருகும் குமிழ் உள்ள அடுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது தொட்டறியும் புள்ளிகளை ஒட்டித் தர வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகப் படங்களைக் கொண்டு எளிமையாக அமைக்கும் செய்முறை அட்டை, அந்நாட்டு எழுத்தைப் படிக்க இன்னும் கற்றுவரும் குடியேறிய ஆசிரியருக்கும் பயன்படுகிறது. ஒருவருக்கான வசதி இன்னொருவருக்கும் கைகொடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பார்வையற்றவர் இவ்வகுப்புகளில் மாணவராக மட்டுமே இருக்க முடியும் என்று எண்ணுவோர் கிறிஸ்டின் ஹாவின் வாழ்க்கையை அறிய வேண்டும். வியட்நாமியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த அவருக்கு 14 வயதானபோது, செய்முறை எதையும் எழுதிவைக்காமல் தாய் இறந்துவிட்டார். தாயின் உணவுகளை நினைவிலிருந்து மீட்டெடுக்கும் முயற்சியில் அவர் சமையல் கற்றார். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோயினால் பார்வையைப் படிப்படியாக இழந்தார். 2012இல் அமெரிக்க மாஸ்டர்செஃப் போட்டியின் மூன்றாம் பருவத்தில் வென்றார். 2019இல் ஹூஸ்டன் நகரில் தி பிளைண்ட் கோட் என்ற உணவகத்தைத் திறந்தார். மணத்தாலும் சத்தத்தாலும் தொடுவுணர்வாலும் பதம் அறியும் ஒருவர் கற்பித்தால், கண்ணையே நம்பிச் சமைத்தவர்கள் அதுவரை கவனியாத பலவற்றைக் கற்பார்கள்.

நாட்டின் பெயரால்

இவ்வகுப்புகள் மீது வைக்கப்படும் கடுமையான விமரிசனத்துக்குச் செவிசாய்த்தே ஆக வேண்டும். அமெரிக்கச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் 1992இல் எழுதிய கட்டுரையில், ஆதிக்கத்தில் உள்ள சமூகம் பிறருடைய பண்பாட்டைத் தன் சலித்த வாழ்வுக்குச் சேர்க்கும் மசாலாவாக நுகர்வதைக் கண்டித்தார். மெய்யியலாளர் லிசா ஹெல்ட்கே 2003இல் வெளியிட்ட நூலில், புதுப் புது நாட்டு உணவைத் தேடி அலையும் தம் போன்றோரின் ஆவலில் காலனியத்தின் சாயல் இருப்பதை ஆராய்ந்தார். சமையல் வகுப்பில் இந்த ஆபத்து, உணவைவிடக் கதையில்தான் மிகுதி. கடல் கடந்தது எப்படி, யாரை இழந்தீர்கள் என்று மாணவர்கள் கேட்பதும், துயரத்தைச் சொல்வது ஆசிரியரின் கடமை போலாகிவிடுவதும் தவிர்க்க வேண்டியவை. தம் அத்தையின் கைப்பக்குவத்தைப் பற்றியும் ஊர்ச் சந்தையைப் பற்றியும் பேச விரும்பும் ஆசிரியருக்கு அதை மட்டும் பேசும் உரிமை இருக்க வேண்டும்.

நாட்டின் பெயரால் உணவை அடைப்பதும் ஒரு சிக்கல். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, 1988இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில், இந்திய உணவு என்ற ஒற்றைக் கருத்து நகர்ப்புற நடுத்தர வர்க்கத்துக்காக எழுதப்பட்ட ஆங்கிலச் சமையல் நூல்களின் வழியே உருவானதை விளக்கினார். சிரிய உணவு என்ற தலைப்பின் கீழ் அலெப்போவும் டமாஸ்கஸும் ஒன்றாகிவிடுவதும் அவ்வாறே. 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் கூஸ்கூஸ் சேர்க்கப்பட்டபோது, அல்ஜீரியா, மொராக்கோ, மவுரித்தானியா, துனிசியா ஆகிய நான்கு நாடுகளும் கூட்டாகவே அதை முன்மொழிந்தன. சென்னைக் கடற்கரை இரண்டாம் வரிசைச் சாலைப் பகுதியில் விற்கும் அத்தோவும் அப்படிப்பட்டதே: 1962இல் ராணுவ ஆட்சி வந்து வணிகங்கள் அரசுடைமையானபின் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அந்த நூடுல்ஸ் உணவு, வாழைத்தண்டு சூப்போடு பரிமாறப்படுகிறது. அது பர்மிய உணவா தமிழ் உணவா என்ற கேள்விக்கு ஒற்றை விடையில்லை. அந்தக் கைப்பக்குவம் இதுவரை பெரும்பாலும் குடும்பங்களுக்குள்ளும் தள்ளுவண்டிகளிலும் கைமாறி வந்திருக்கிறது. அதைத் தயாரிக்கும் மூத்தவர்களை ஆசிரியர்களாக அமர்த்தும் வகுப்புக்குச் சென்னையில் எல்லாப் பொருத்தமும் உண்டு.

ஊதியமும் அடுப்பும்

நன்மனத்தால் தீராத தடைகள் இரண்டு உள்ளன. முதலாவது கட்டணம். கட்டணம் செலுத்தி வருவோரைக் கொண்டே ஆசிரியருக்கு ஊதியம் தர முடிகிறது. கட்டணம் உயர்ந்தால், பக்கத்துத் தெருவில் வாழும் உள்ளூர் ஏழைகள் வகுப்புக்கு வருவதில்லை. குடியேறியவர்களோடு வேலைக்கும் வீட்டுக்கும் போட்டியிடுவதாக எண்ணி மனம் கசந்திருப்பவர்களும் அவர்களில் உண்டு என்பதால், அவர்கள் இல்லாத மேசை தன் நோக்கத்தில் பாதியை இழந்துவிடுகிறது. நன்கொடையைக் கொண்டு சில இடங்களை இலவசமாக ஒதுக்கும் முறை ஓரளவே உதவுகிறது.

இரண்டாவது தடை சட்டம். பிரிட்டனில் புகலிடம் கோரியவர், தம் விண்ணப்பம் தம்முடைய பிழையின்றி 12 மாதங்களுக்கு மேல் தேங்கிய பிறகே வேலை செய்ய அனுமதி கேட்கலாம் என்பதும், கிடைத்தாலும் அரசு பட்டியலிட்ட குறிப்பிட்ட வேலைகளையே செய்யலாம் என்பதும் நெடுங்கால விதி. 2024இல் அவர்களுக்கான அரசு உதவித்தொகை வாரம் 49.18 பவுண்டாகவும், உணவு வழங்கும் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டவர்களுக்கு 8.86 பவுண்டாகவும் இருந்தது. அவ்விடுதிகளில் தங்குவோருக்குப் பொதுவாகச் சமையலறை இல்லை. மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், தம் குழந்தைக்குத் தம் கையால் ஒரு வேளை சமைத்துத் தர முடியாமல் வாழும் தாய்மாருக்கு, வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் வகுப்பின் அடுப்பே சொந்த அடுப்பாகிறது. வேலை அனுமதி பெறாத புகலிடம் கோருவோர் கற்பிக்கலாம், ஆனால் ஊதியம் பெறக் கூடாது. தொண்டராகப் பயணச் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அகதித் தகுதி வழங்கப்பட்ட நாள் முதல் அதே ஆசிரியர் அதே சமையலறையில் அதே வகுப்புக்கு ஊதியம் பெற முடியும். அதற்கு முந்தைய நாள் வரை அவருக்கு உரியது பேருந்துக் கட்டணம் மட்டுமே.